காதர் நானாவின் கை சொன்ன கோதுமை

கோலா சிலாங்கூருக்கு மின்மினி பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனது மன்னிப்புக் கேட்க.

காலை 6.10க்குக் கோலா குபு பாருவிலிருந்து கிளம்பினேன். பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா வழியாக, வண்டி மீட்டரில் 71 கிலோமீட்டர். செம்பனைப் பழம் ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டினால் பொறுமை வேண்டும். எனக்கு அன்று அவசரமே இல்லை.

என் வேலை கோதுமை. நம் நாட்டில் விளையாத பயிர்தான். வெளிநாட்டுக் குழு ஒன்றுக்காக இங்கிருந்து கணினியில் வேலை செய்கிறேன். புது ரகத்தில் கைப்பிடி விதைதான் இருக்கும், அரைத்துச் சோதிக்கப் போதாது. அதனால் இலையிலிருந்து மரபணுக் குறிகளைப் படித்து, ஏற்கெனவே மாவு சோதித்த ரகங்களோடு ஒப்பிட்டு, எதன் மாவு நன்றாக வரும் என்று கணிக்கிறோம். தேறாததைக் கழித்துவிடுவோம்.

பரோட்டா போல வீசிச் சுடும் ரொட்டி சானாய்க்கு ரகம் தேடியபோது என் கணிப்பில் 14ஆம் எண் முதலிடம், 31 கடைசி. கணிப்பைச் சரிபார்க்க இரண்டையும் அங்கே கொஞ்சம் விளைவித்து அரைத்து அனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று மாதம் முன்பு அந்த மாவைக் கோலா சிலாங்கூரில் காதர் நானாவின் ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். இருபத்தாறு வருடமாக ரொட்டி வீசுகிறவர். 14 அவர் கையில் மூன்று முறை கிழிந்தது. 31ஓ, அடியில் மேசை தெரிகிற அளவுக்கு விரிந்தது.

"இது வராதும்மா. அந்த மாவுதான் நல்லா இழுபடுது."

"மாவுல ஒண்ணும் இல்ல நானா. நீங்க தண்ணிய அளக்காம ஊத்துறீங்க," என்றேன். கடை நிறைய ஆட்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டேனா? 'சோதித்தவரின் பிசைமுறை சீரில்லை' என்று அவர் பெயரோடு அறிக்கை எழுதினேன். 31ஐக் கழித்தார்கள்.

பிறகு வேறு காரணத்துக்காகத் தரவைத் திறந்தபோதுதான் என் பிழையைக் கண்டேன். என் கணிப்புக்கு அடிப்படையாக இருந்தவை எல்லாம் பிரெட் சோதனை எண்கள். உப்பி நிற்கும் மாவு வேறு, கிழியாமல் இழுபடும் மாவு வேறு. குழுவிடம் மிச்சமிருந்த மாவைக் கருவியில் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நானாவின் கை சொன்னதையே அதுவும் சொன்னது.

7.35க்குக் கடையில் இருந்தேன். கூட்டம் குறையட்டும் என்று 9.40 வரை காத்திருந்தேன். அதுவும் கோழைத்தனம்தான், குறை சொன்னது கூட்டத்தின் நடுவிலல்லவா. எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது.

"என் பேரு போட்டா எழுதுன?"

"ஆமா நானா."

அவர் அடுப்பைத் தணித்தார். "அன்னிக்கு நீ போனப்புறம் நாலு நாளு தண்ணிய அளந்து அளந்து ஊத்துனேன் லா. எனக்கே சந்தேகம் வந்திருச்சு."

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மாத்தி எழுது. அதே பேரப் போட்டு."

அங்கேயே கைப்பேசியில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். "அனுபவசாலி அது இதுன்னுலாம் வேணாம். இந்த மாவு கிழிஞ்சிச்சு, அந்த மாவு கிழியல. அத மட்டும் போடு," என்றார். அப்படியே அனுப்பினேன். 31இன் விதை குளிரறையில் ஒரு பொட்டலம் மிச்சமிருக்கிறதாம். அடுத்த பருவத்தில் விதைக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கு முன்பே போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். ரொட்டி 1.80 வெள்ளி, தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ 2.20. பத்து மணிக்கு மேல் ரொட்டி இருக்காது. என்னைப்போல மாவோடு போகிறவர்கள், கணிப்பு பொய்த்தால் முதலில் கணிப்பைத் திறந்து பாருங்கள். எனக்கு அதற்கு மூன்று மாதம் ஆனது. அதில் நான்கு நாள் ஒரு மனிதர் தன் கையையே நம்பாமல் இருந்திருக்கிறார்.