உலகம் தள்ளித் திறந்த கதவு

துபாயில் உலகக் கண்காட்சி நடந்தபோது சனம் பார்க்கப் போனது. முடிந்த பிறகு நானும் மச்சானும் உடைக்கப் போனோம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு உலகம் சுற்றக் கிடைத்த வழி அதுதான். காலையில் ஒரு நாட்டின் கூரை, மத்தியானம் இன்னொரு நாட்டின் சுவர்.

இப்படிக் கட்டுவதும் உடைப்பதும் பழைய வழக்கமாம். சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் பார்த்தேன். பாரிஸில் நிற்கிற இரும்புக் கோபுரமும் ஒரு கண்காட்சிக்காக எழுப்பியதுதான். அதையும் பிறகு கழற்றிவிட நினைத்திருந்தார்களாம். அந்தக் காலத்தில் இலங்கை ஆட்களைக்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். மச்சானிடம் சொன்னேன். அவன் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப நம்மட ஆக்கள் உள்ளுக்கு நிண்டிருக்காங்க. நாம வெளிய நிண்டு உடைக்கிறம். முன்னேற்றம்தான்."

அவன் கவலை வேறு. ஊரில், செட்டிபாளையத்தில், அவன் தங்கச்சிக்கு, அதாவது என் மச்சாளுக்கு, வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொள்கிறவன்தான் அதில் வந்து குடியிருப்பான். வீட்டைப் பார்க்காமல் நாள் குறிக்க மாட்டேன் என்று மண்டூர் மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டார். சுவர் எழும்பிவிட்டது, முன்கதவுக்குத்தான் வழியில்லை.

அப்போதுதான் ஒரு மண்டபத்தின் வாசல் கதவு குப்பைக்குப் போகக் கிடந்தது. தடித்த மரம், அலை அலையாகச் செதுக்கல். எடுக்கலாமா என்று மச்சான் கேட்டான். மேற்பார்வையாளர் கையை ஆட்டிவிட்டுப் போனார். படுத்துக் கிடந்த கதவின் அகலத்தை அளந்தான். சரியாக இருந்தது. உயரத்தை அளக்கவில்லை. கதவென்றால் கதவு உயரம்தானே. கீலோடு கழற்றிக் கப்பல் காகோவில் போட்டோம். அதற்குப் பின்னால் நாங்களும் விடுமுறையில் ஊர் வந்து சேர்ந்தோம்.

நிமிர்த்திப் பார்த்தால் கதவு சுவரைத் தாண்டி நின்றது. நிலை வைக்க நாள் பார்த்தாயிற்று. நல்ல நேரம் தப்பக்கூடாதென்று மேசன் முன்சுவரை மட்டும் உயர்த்திக் கட்டினார். மாப்பிள்ளை யானைமேல் இருந்தபடியே உள்ளே வரலாம் என்று மச்சாளிடம் சொன்னேன். அவள் அகப்பையைத் தூக்கினாள்.

மாட்டிய பிறகுதான் அடுத்த குறை தெரிந்தது. பூட்டும் இல்லை, கொண்டியும் இல்லை. கூட்டம் போய்வரச் செய்த கதவு அது. எந்தப் பக்கம் தள்ளினாலும் திறக்கும், விட்டால் தானாகத் தன் இடத்துக்கு வந்து நிற்கும். அதைத் திருத்துவதற்குள் மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்துவிட்டார்.

பாயில் இருத்தி, மச்சாள் வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அதிலிருந்து அவர் வெற்றிலை எடுத்தால் சம்மதம். எடுக்கக் கை நீளுகிற நேரம், பக்கத்து வீட்டு ஆடு தலையால் கதவை முட்டித் திறந்துகொண்டு உள்ளே வந்தது. அதன் பின்னால் கதவு மரியாதையாகச் சாத்திக்கொண்டது.

நீட்டிய கை திரும்பிவிட்டது.

"பூட்டில்லாத வீட்டிலயா என்ட மகன் வந்து இரிக்கிற?"

மச்சான் தலை குனிந்தான். அத்தனை வெயிலையும் அவன் தின்றது இந்த வீட்டுக்காகத்தான்.

மச்சாள் ஆட்டின் காதைப் பிடித்தபடி சொன்னாள்.

"கலியாணச் சனம் வந்து போகட்டும் மாமி. அதுக்குப் பிறகு பூட்டுவம்."

மாமி அவளைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். வாயோரம் லேசாக அசைந்தது. வட்டாவைத் தன் பக்கம் இழுத்து, நல்ல தளிர் வெற்றிலையாகத் தேடி எடுத்தார்.

விடைபெற்று வெளியே போனவர், கதவைத் தள்ளிக்கொண்டு திரும்ப உள்ளே வந்தார். எதையோ மறந்துவிட்டாராக்கும் என்று எல்லாரும் எழும்பினோம். ஒன்றையும் மறக்கவில்லை. மறுபடி தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

"டிக்கட் எடுத்தியளா மாமி?" என்று கேட்டேன். மச்சான் என் காலை மிதித்தான்.