பாதி தூரம் வந்த விசை

கோவிட் அடங்கி, கல்யாண மண்டபங்களில் மறுபடியும் மேளச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். ஸ்ரீ கெம்பாங்கான் என்ற ஊரில், தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம், ஒரு சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியிருந்தேன். அந்த விளக்கு பச்சையாக மாறுவதற்குள் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் என் பிஸ்டலைப் பற்றியும் என் தொப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருந்தன.

கிள்ளானில் எனக்கு ஒரு நகைக்கடை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. சில வருஷங்களுக்கு முன்னால், அடுத்த வரிசையில் இருந்த இன்னொரு நகைக்கடைக்குள் பட்டப்பகலில் நாலு பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நுழைந்தார்கள். சுத்தியலால் கண்ணாடிகளை உடைத்து, அள்ளிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார்கள். நான் அப்போது என் கடை வாசலில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டு நின்றேன். உதவிக்கு ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடியது என் மேஜைக்கு அடியில். கையிலிருந்த டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தத் திறமையை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. துப்பாக்கி லைசென்சுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல், விசாரணை, காத்திருப்பு என்று அலைந்து ஒரு வழியாகக் கிடைத்தது. வாங்கியது சின்ன பிஸ்டல். சட்டைக்குள் மறையும், இடுப்பில் செருகலாம். செருகினால் தொப்பையைக் குத்தும். காரில் உட்கார்ந்தால் அது என்னைக் கைது செய்வது போலவே இருக்கும்.

பிரச்சினை அதன் விசையில் இருந்தது. முதல் குண்டுக்கு நீளமாக, கனமாக இழுக்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் இடத்தில் நான் இழுக்கத் தொடங்கினால் கை ஆடும், தோள் ஆடும், தொப்பை தனியாக ஆடும். குண்டு போய்ச் சேரும் இடம் எனக்கும் தெரியாது, குண்டுக்கும் தெரியாது. வீட்டில் வருத்தமாகச் சொன்னபோது மனைவி காய்கறி நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

“திருடன் வந்தா துப்பாக்கிய அவன்கிட்டயே குடுத்துடுங்க. அவனுக்காச்சும் குறி இருக்கும்.”

பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர், பெட்டாலிங் ஜெயாவில் கட்டடக் குத்தகைத் தொழில் செய்பவர், என்மேல் பரிதாபப்பட்டார். “இப்படியே வச்சிருந்தா வேஸ்ட் லா அண்ணே. எனக்கு ஒரு ஆள் தெரியும். உள்ள ஸ்பிரிங்க மாத்திட்டா பட்டர் மாதிரி ஆயிடும். சும்மா தொட்டா போதும்” என்றார். அந்த ஆளுக்கு அவர் வைத்திருந்த பெயர் டாக்டர்.

போலீஸ் அனுமதி இல்லாமல் பிஸ்டலில் கை வைத்தால் லைசென்ஸ் போகும், அதற்கு மேலும் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பிஸ்டலை வாங்கிய கடைக்காரச் சீனரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். மலாயில் பேசினார். அதன் சாரம் இதுதான்: “பாஸ், இதைக் கெட்டியாகச் செய்தவன் முட்டாள் இல்லை. பயப்படுகிறவன் இடுப்பில் இது இருக்கப் போகிறது என்று அவனுக்குத் தெரியும். வந்தபடியே இருக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. நானா பயப்படுகிறவன்? மேஜைக்கு அடியில் போனது பயத்தினாலா? அது தற்காப்பு. அன்று சாயங்காலமே நண்பருக்கு போன் செய்து, டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை நண்பர் கூப்பிட்டார். “டாக்டருக்குக் காய்ச்சல் அண்ணே, எழுந்திரிக்க முடியல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.” நான் அந்தக் காய்ச்சலைத் திட்டினேன். அதை எப்படியெல்லாம் திட்டினேன் என்பது இன்று நினைத்தாலும் நாக்கில் கசக்கிறது.

மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தாலியை யாரும் கடைக்கு வந்து வாங்கிப் போவதில்லை. முதலாளியே குளித்து, வேட்டி கட்டி, சாமி முன்னால் வைத்து எடுத்து, மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பெண்வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். அன்று பத்தரைக்கு முகூர்த்தம். பட்டு வேட்டி கட்டினேன். பிஸ்டல் உறை வேட்டியில் நிற்காது என்பதால், வேட்டிக்கு மேல் நம் ஆட்கள் கட்டும் அந்த அகலமான பச்சை பெல்ட்டை இறுக்கி, அதில் உறையை மாட்டிக்கொண்டேன். மேலே சட்டை. மனைவி பார்த்துவிட்டு, “தாலி குடுக்கப் போறீங்களா, தாலி அறுக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். சிரித்தோம். கிளம்பும் நேரத்தில் கேட்கக் கூடாத வார்த்தை என்று அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

அவசரத்தில் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வேட்டியின் ஒரு முனை கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியாது. கிள்ளானிலிருந்து அத்தனை தூரமும் என் பட்டு வேட்டி ரோட்டைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

சிவப்பு விளக்கு. பக்கத்து இருக்கையில் தாலிப்பெட்டி. வலது பக்கம், என் கதவை ஒட்டி, ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முழு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி இறக்கியிருந்தது. வெயிலுக்காக ஜாக்கெட்டை முன்பக்கம் முதுகுக்கு வரும்படி மாற்றிப் போட்டிருந்த உருவம். கையுறை. அந்தக் கை என் கண்ணாடியைத் தட்டியது.

இந்த ஊரில் தினம் ஆயிரம் பேர் அப்படித்தான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தது அந்த நாலு ஹெல்மெட்டுகள்தான். நான் அசையாமல் இருந்தேன். இன்னும் பலமாகத் தட்டியது. ஏதோ கத்தியது, ஏசி சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு அந்தக் கை கீழே, என் கதவின் கைப்பிடியை நோக்கிப் போனது.

நான் பிஸ்டலை உருவினேன். உருவினேன் என்பது பெரிய வார்த்தை. சீட் பெல்ட்டிலும் சட்டையிலும் சிக்கி, ஒரு பொத்தான் தெறித்து, எப்படியோ வெளியே வந்தது. கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். விசையை இழுத்தேன்.

இழுத்தேன் என்றால் இழுத்தேன். மிரட்டுவதற்காக இல்லை. என் முழு பலத்தோடு, என் முழு மனத்தோடு இழுத்தேன். விசை வழக்கம்போல் முரண்டு பிடித்தது. வியர்த்த விரல் அதோடு மல்லுக்கட்டியது. பாதி தூரம் வந்திருக்கும்.

அப்போது அந்த உருவம் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி, என் கார்க் கண்ணாடி இருட்டாக இருந்ததால் இரண்டு கையையும் கண்களுக்குப் பக்கத்தில் குவித்து, உள்ளே குனிந்து பார்த்தது.

ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். புருவங்களுக்கு நடுவே சின்ன ஒட்டுப் பொட்டு. அவள் பார்த்தது என் முகத்தை அல்ல. அதற்கு முன்னால் இருந்த பிஸ்டலின் ஓட்டையை.

பாதியில் நின்ற விசையோடு நானும் நின்றேன். அவள் கைகள் தாமாக மேலே போயின. மோட்டார் சைக்கிள் சாய்ந்து, பின்னால் கட்டியிருந்த சாப்பாட்டுப் பெட்டி ரோட்டில் மோதியது. அவள் வாய் அசைந்தது. இந்த முறை எனக்குக் கேட்டது.

“வேட்டி அண்ணே… வேட்டி ரோட்ல இழுபடுது… அதான் அண்ணே…”

பிஸ்டலை மடிமேல் போட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று கண்ணாடியை இறக்கும் பொத்தானைத் தேடினேன். பின்னால் ஹாரன் அலறியது. விளக்கு பச்சையாகியிருந்தது. அவள் வண்டியை நிமிர்த்திய வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் பெட்டியிலிருந்து சிந்திய ஏதோ குழம்பு ரோட்டில் கிடந்தது. யாருடைய காலைச் சாப்பாடோ.

கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்தேன். வேட்டி முனை கறுத்து, நார் நாராகக் கிழிந்திருந்தது. அதை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். தாலிப்பெட்டியைப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்தேன். “சட்டைப் பொத்தான் போனதுகூடத் தெரியாம என்ன அவசரம் அங்கிள்? கல்யாணம் உங்களுக்கா?” என்று யாரோ கிண்டல் செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்டிமேளம் கொட்டியபோது அட்சதை எடுத்தேன். அந்த விரலால்தான் எடுத்தேன் என்று உறைத்ததும், தூவாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். கார் எண்ணை அவள் பார்த்திருப்பாள். புகார் கொடுத்திருப்பாள். ஒரு வாரம், ஒரு மாதம். யாரும் வரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் அந்த நிம்மதி அழுகத் தொடங்கியது. பிஸ்டல் வைத்திருக்கிற கார்க்காரன்மேல் புகார் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அல்லது அடுத்த ஆர்டருக்கு நேரமாகியிருக்கும். பல ஞாயிற்றுக்கிழமைகள் அதே நேரத்தில் அந்த விளக்குக்குப் போய் நின்றேன். எல்லா ஹெல்மெட்டும் ஒரே மாதிரி இருந்தன. கண்டுபிடித்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? “தங்கச்சி, அன்னைக்கு ஒரு ஆளுக்குக் காய்ச்சல், அதனால நீ உயிரோட இருக்க” என்றா?

காய்ச்சல் தெளிந்த டாக்டர் அடுத்த வாரமே தயாராகிவிட்டார். “வாங்க அண்ணே, ஒரு மணி நேர வேலை” என்றார் நண்பர். நான் வேறு இடத்துக்குப் போனேன். பிஸ்டலையும் லைசென்சையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன். காரணம் கேட்டார்கள். இனித் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையை எழுதும் தைரியம் அன்றும் வரவில்லை. மனைவிக்குக்கூடத் தெரியாது; வேட்டியை எலி கடித்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படித்தால்தான் அவளுக்கே தெரியும்.

என் விரலை நான் அடக்கிக்கொண்டதாக எத்தனையோ முறை எனக்கே கதை சொல்லிப் பார்த்துவிட்டேன். நிற்க மாட்டேன் என்கிறது அந்தக் கதை. நான் கொன்றுவிட்டேன்; விசைதான் வந்து சேரவில்லை. இன்றும் சிக்னலில் யாராவது கண்ணாடியைத் தட்டினால் என் வலது கை என்னைக் கேட்காமல் இடுப்புக்குத்தான் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் கிடைப்பதில்லை.