ராக்கெட்டின் கொம்பும் இருநூற்றுப் பதினான்கு இடைவெளிகளும்

ஓசூரில் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் பதினொரு வருடம் கிரைண்டிங் பார்த்தேன். வெட்டி வரும் தகட்டின் பிசிறைத் தேய்க்கும் வேலை. தூசி ஏறி இருமல் நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் டிராயிங் போடுபவர் வேலையை விட்டுப் போனார். அவர் பின்னால் நின்று பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"எட்டாவது படிச்சுட்டு டிராயிங்கா? சரி மாது, ஒரு வேலை தர்றேன். நல்லா வந்தா சேர் உனக்கு. இல்லன்னா திரும்ப கிரைண்டிங்."

அந்த வேலை ஒரு மாடு.

பேரிகையிலிருந்து திம்மராயப்பா என்ற விவசாயி வந்திருந்தார். அவர் மாடு ராக்கெட், எருது விடும் விழாக்களில் பேர் வாங்கியது. அதன் உருவத்தை நிஜ அளவில் மூன்று எம்எம் தகட்டில் வெட்டி, புது வீட்டு கேட்டில் வைக்க வேண்டும். போட்டோ கொடுத்தார். அதிலிருந்து சாஃப்ட்வேர் அவுட்லைன் எடுத்தது.

மெஷினுக்கு அவுட்லைன் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். நடுவில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் எது மாடு, எது வெளி என்று அதற்குத் தெரியாது. சிவப்பில் காட்டி நின்றுவிடும். ராக்கெட்டின் அவுட்லைனில் இருநூற்றுப் பதினான்கு இடைவெளி.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மூட 'ஜாயின்' இருக்கிறது. எவ்வளவு தூரம் வரை சேர்க்கலாம் என்று கேட்கும். அரை எம்எம் போதும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று நான் ஐநூறு எம்எம் கொடுத்தேன். சிவப்பு போய்விட்டது. வெட்டிவிட்டேன்.

திம்மராயப்பா தகட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தலை மேல என்னாப்பா, மொறமா?"

ஐநூறு எம்எம்முக்குள் இருந்ததால் இரண்டு கொம்பின் நுனியும் சேர்ந்து நடுவில் தகடு அடைத்திருந்தது. வால் போய்ப் பின்னங்குளம்பில் ஒட்டியிருந்தது.

"எம்மாடு ஓடற மாடுப்பா. சந்தைக்குக் காய் தூக்கற மாடு இல்ல. அளவு தெரியலன்னா சொல்லு, நாளைக்கு அவனையே கூட்டியாறேன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இன்னொரு தடவதான் மாது," என்றார் முதலாளி.

மறுநாள் காலை மினி லாரியில் ராக்கெட் வந்தது. வாட்ச்மேன் முனுசாமி ஊத்தங்கரைக்காரர். கேட்டைத் திறக்கவில்லை.

"ரிஜிஸ்தர்ல எழுதாம உட்டா என் வேலை பூடும். பேரு?"

"ராக்கெட்."

"ஊரு பேரிகை. யாரப் பாக்கணும்?"

"மாதுவ."

எழுதி முடித்து விசிட்டர் பாஸைக் கொம்பில் கட்டினார்.

திம்மராயப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். நான் டேப் பிடித்தேன். முதலாளி கேபினைத் தாழ் போட்டுக்கொண்டு அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"எவ்ளோப்பா வருது?"

"நுனிக்கு நுனி ஒரு அடி ஏழு அங்குலம்."

"மறுபடி ஒருக்கா பாரு."

ராக்கெட் பெருமூச்சு விட்டது. நான் மறுபடி அளக்கவில்லை. அதே அளவை மறுபடி சொன்னேன்.

இந்த முறை ஒவ்வொரு இடைவெளியாகப் பெரிதாக்கி, இரண்டு நுனியையும் கண்ணால் பார்த்து மூடினேன். ஒன்றரை நாள் ஆனது. அதற்குப் பிறகும் சிவப்பு போகவில்லை. கடைசி இடைவெளி காதுக்குக் கீழே இருந்தது. எம்எம்மில் நூறில் ஒரு பங்கு. அதையும் மூடினேன். வெட்டினோம்.

"கொம்பு சரி. வாலு சரி," என்றார் திம்மராயப்பா. "ஆனா மொகத்துல அவன் இல்ல."

வெறும் வெளிக்கோடு அது. முகமே கிடையாது. வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள் நெருங்கியதால் எடுத்துப் போனார்.

"கஸ்டமரே சொல்லிட்டாரு மாது," என்றார் முதலாளி. நாளையிலிருந்து கிரைண்டிங் என்று அர்த்தம்.

நான்காம் நாள் கண்ணாடி மாட்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன். மினி லாரி வந்தது. மேலே கேட் இருந்தது. தகட்டு மாட்டின் கொம்பு மடங்கி, நெற்றி உள்ளே போயிருந்தது.

"வண்டி மோதிடுச்சா?" என்றார் முதலாளி.

"எங்க சார். மேய்ச்சல்ல இருந்து வந்தான். கேட்டப் பாத்தான். நின்னான். மண்ணக் கெளறினான். அப்பறம் உட்டான் பாரு ஒண்ணு."

"மாட்டுக்கு அடியா?"

"அடி இல்ல. வேற மாடு நம்ம வாசல்ல நிக்குதுன்னு ரெண்டு நாளா தண்ணி குடிக்கல."

முதலாளி தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கண்ணாடியக் கழட்டு மாது. போய் சேர்ல உக்காரு."

புதிதாக டிராயிங்குக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜாயினில் பெரிய எண் கொடுக்காதீர்கள். எது பிழையான இடைவெளி, எது மாட்டுக்குச் சொந்தமான இடைவெளி என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. பெரிதாக்கிப் பாருங்கள். நேரம் ஆகும்.

ராக்கெட்டை இன்னொரு முறை வெட்டிக் கொடுத்தோம். டிராயிங்கில் எதையும் மாற்றவில்லை. தகட்டை மட்டும் மூன்று எம்எம்மிலிருந்து எட்டாக்கினோம்.