தாமிரபரணிக்கு ‘ஹெச்’ உண்டா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் என்னுடையது, லினக்ஸ் தம்பியுடையது. இரண்டையும் கேபிளால் இணைத்து, என்னுடையதற்குத் ‘தாமிரபரணி’ என்று பெயர் வைத்தோம். லினக்ஸுக்கு அது தெரிய வேண்டுமே என்று, அதில் அந்தப் பெயரை நானே ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன்.

தம்பி பெயரை அடித்து அழைத்தபோது, அப்படியொரு கம்ப்யூட்டரே இல்லை என்றது லினக்ஸ்.

“ஒன் விண்டோஸ்தாண்ணே கெட்டுப்போச்சு. பூராத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப ஏத்திருவோம்” என்றான்.

நானும் தலையாட்டிவிட்டேன். என் மனைவியின் ஆய்வேடு அதில்தான் இருந்தது. பதறி ஓடிவந்தவள், நான் எழுதியதையும் அவன் அடித்ததையும் பார்த்தாள்.

“ஏன் தம்பி, அவுக வெறும் ‘டி’ போட்டு எழுதியிருக்காக, நீங்க ‘டிஹெச்’ போட்டு அடிக்கீங்களே!”

ஒரே ஆறுதான், ஸ்பெல்லிங் இரண்டு.

இப்போது எங்கள் கம்ப்யூட்டர்களின் பெயர் வெறும் ‘ஏ’, ‘பி’. ஆய்வேட்டை பிளாப்பியில் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறோம். பீரோ சாவியை மட்டும் அவள் எங்களிடம் தருவதில்லை.