ஆயிலில் கலந்தது எந்தத் தண்ணீர்

காலை ஆறு மணிக்கு ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பது படகோட்டிக்குப் பல் தேய்ப்பது மாதிரி. ஒரு நாளும் தவறியதில்லை. அன்று கம்பி வெளியே வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் கூடுதலாக விட்ட டீ நிறத்தில் இருந்தது. மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியும் இருந்தது. ஆயில் தானாக ஊறாது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

துணியில் வேறு பக்கம் பார்த்துத் துடைத்தான். மறுபடி விட்டு எடுத்தான். அதே நிறம். முந்தின நாளே நோட்டில் "ஒரு நெல் அளவு கூடுதல், நிறம் கொஞ்சம் மங்கல்" என்று எழுதியிருந்தான். வெளிச்சம் போதாமல் அப்படித் தெரிகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முகத்துவாரத்தில் இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் பதினாறு நடை ஓட்டியிருந்தான்.

படகைப் பற்றிய கவலைகூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது தங்கச்சியின் முகம். இந்த எஞ்சினை நாலு மாதத்துக்கு முன் அக்கு அக்காகப் பிரித்துக் கட்டியவள் அவள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கிற கேஸ்கெட்டை அவள் கையால்தான் வைத்தாள். ஆயில் வெளுத்தால் ஊரில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அந்தக் கேஸ்கெட்தான்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வீட்டுத் தையல் மெஷினைக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டாள். அம்மா கரண்டியோடு வருவதற்குள் பாதியைப் பூட்டி, சாயங்காலத்துக்குள் முழுதும் பூட்டிவிட்டாள். மெஷின் முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் ஒரு திருகு மிச்சமாகிவிட்டது. எங்கே போக வேண்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பத்தொன்பது வயதில் படகுப் பட்டறையில் படகின் அடிமரத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலைக்குப் போனாள். அங்கே அண்ணன் போய் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல, அன்றிலிருந்து அவளுக்கு 'ஒத்தைத் திருகு' என்று பெயர் விழுந்துவிட்டது. அண்ணன் பெருமையால் அவளுக்கு வந்த முதல் கெடுதல் அது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேறொன்று செய்தாள். எந்த எஞ்சினைத் தொட்டாலும் முதலில் ஓர் அட்டையை எடுத்து, எஞ்சின் படம் போட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதனதன் இடத்தில் துளை குத்துவாள். கழற்றுகிற போல்ட் அந்தத் துளையில் போய் நிற்கும். பூட்டி முடித்ததும் அட்டை காலியாக இருக்க வேண்டும். பதினொரு வருடம் சிப்பி சுரண்டி, பாகம் கழுவி, வால்வு தேய்த்து, கடைசியில் ஒரு முழு எஞ்சினைத் தனியாகக் கேட்டபோது பட்டறை மேஸ்திரி சொன்னார்: "கட்டிக்கோ. ஒரு வருஷத்துக்குள்ள உன் தப்பால எஞ்சின் திரும்பி வந்துச்சுன்னா, பழையபடி சிப்பிதான். சம்மதமா?"

"சம்மதம் மேஸ்திரி."

முதல் ஆளாகத் தன் படகைக் கொண்டுபோய் நிறுத்தியவன் அண்ணன்.

இப்போது அவன் கண் மூலையில் இருந்த புது ஆயில் கேனில் போய் நின்றது. இதை உறிஞ்சிக் கொட்டிவிட்டுப் புதுசை விட்டால் யாருக்குத் தெரியும்? கேனைக் கையில் எடுத்தும்விட்டான். மூடியைத் திருகும்போதுதான் கை நின்றது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஊற்றினால் நாளைக்கும் வரும். பேரிங் தேய்ந்துபோனால் அப்புறம் கேஸ்கெட்டா வேறா என்று கேட்கவே யாரும் இருக்க மாட்டார்கள். மொத்தமும் அவள் தலையில்தான் விடியும். கேனை வைத்துவிட்டு, துறையில் சங்கிலியை மாட்டி, "இன்று படகு இல்லை" என்று பலகை தொங்கவிட்டான். பிறகு அவளுக்குப் போன் போட்டான்.

"ஸ்டார்ட் பண்ணினியா?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல பாப்பா."

"சாவியத் தொடாத. வரேன்." முப்பது வயதிலும் அவள் அவனுக்குப் பாப்பாதான்.

தனியாக வருவாள் என்று நினைத்தான். பின்னாலேயே மேஸ்திரியும் இறங்கினார். அவள் சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்தாள். பயந்தால் மூன்று மடிப்பு, இல்லையென்றால் இரண்டு. இது அண்ணனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

மேஸ்திரி கம்பியை உருவிப் பார்த்தார். "என்ன ஒத்தைத் திருகு, நீ கட்டின எஞ்சின் டீ போட ஆரம்பிச்சிருச்சா?"

அவள் பைக்குள்ளிருந்து பழைய அட்டையை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். எல்லாத் துளையும் காலி.

"அட்டைய விடும்மா. கேஸ்கெட்டுக்கு அட்டை தெரியாது."

"முதல்ல தண்ணிதானான்னு பாத்துடுவோம் மேஸ்திரி."

ஸ்டவ்வில் ஒரு பழைய கரண்டியைச் சூடுபடுத்தி, ஒரு சொட்டு ஆயில் விட்டாள். படபடவென்று பொரிந்து தெறித்தது. நல்ல ஆயில் புகையும், பொரியாது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சரி, தண்ணிதான். எந்தத் தண்ணின்னு பாக்கணும்" என்றாள். "உள்ள ரெண்டு தண்ணி ஓடுது. ஹெட்டச் சுத்தி வர்றது பச்சைக் கூலன்ட். அதக் குளிர வைக்கிறது வெளிய இருந்து வர்ற உப்புத் தண்ணி. கேஸ்கெட் போயிருந்தா ஆயில்ல பச்சைதான் இருக்கணும். உப்பு அந்தப் பக்கமே போகாது."

கூலன்ட் தொட்டி மூடியைத் திறந்தாள். கூலன்ட் குறையாமல் கோட்டில் நின்றது. ஆயில் ஒரு விரற்கடை ஏற வேண்டுமென்றால் தொட்டியில் பாதி இறங்கியிருக்க வேண்டும்.

"உங்க அண்ணன் ஊத்தி நிரப்பியிருப்பார். பாசம்" என்றார் மேஸ்திரி.

"சத்தியமா இல்ல மேஸ்திரி. நோட்ட வேணா பாருங்க" என்றான் அண்ணன். அவன் குரல் அவனுக்கே பொய் மாதிரி கேட்டது. கேனைக் கையில் எடுத்தவன்தானே.

அவள் யாரையும் பார்க்கவில்லை. கைப்பம்பின் குழாயைக் கம்பித் துளை வழியாக அடிவரை விட்டு, மெதுவாக உறிஞ்சினாள். இரவு முழுதும் நின்றதில் அடியில் தேங்கியிருந்தது முதலில் வந்தது. பாட்டிலில் கலங்கல் தண்ணீர், அதற்குமேல் பால் மாதிரி ஆயில். தண்ணீரை மட்டும் ஒரு சுத்தமான கரண்டிக்கு மாற்றி ஸ்டவ் மேல் பிடித்தாள். அது கொதித்து வற்றியது. கூலன்ட் என்றால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். கரண்டியின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியது.

மேஸ்திரி கரண்டி ஆறியதும் நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்து, "தூ" என்று தண்ணீருக்குள் துப்பினார்.

"உப்பு" என்றார்.

அண்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இன்னும் உக்காராத ண்ணா" என்றாள் அவள். "உப்பு எப்படி வந்துச்சுன்னு தெரியணும். ஓடும்போது வெளிய போற தண்ணியில ஆயில் மினுமினுப்பு இருந்துச்சா?"

"தினம் பாக்கிறேன். இல்ல."

"அப்ப ஆயிலக் குளிர வைக்கிற கூலர் இல்ல. ஓடும்போது அதுக்குள்ள ஆயில் அழுத்தம்தான் ஜாஸ்தி. ஓட்டை விழுந்திருந்தா ஆயில் வெளிய போயிருக்கும், குறைஞ்சிருக்கும்." டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினாள். சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை. புகைக்குழாய் வழியாகவும் வரவில்லை. மிச்சம் இருந்தது முன்பக்கம் பல்சக்கரத்தோடு பூட்டியிருக்கும் உப்புத் தண்ணீர் பம்ப் ஒன்றுதான்.

அதன் அடியில் கையை விட்டுத் துழாவினாள். கண்ணாடியையும் டார்ச்சையும் நீட்டிப் பார்த்தாள். மறுபடி விரலால் தடவினாள்.

"மேஸ்திரி, இங்க ஒரு துளை இருக்கணும். காணோம்."

அந்தப் பம்பில் கசிவைத் தடுக்கத் தண்ணீர்ப் பக்கம் ஒரு ரப்பர் சீல், ஆயில் பக்கம் ஒரு சீல். நடுவில் இருக்கும் இடைவெளிக்கு அடியில் பென்சில் முனையளவு துளை. தண்ணீர்ப் பக்கத்துச் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியே வெளியே சொட்டும். 'என்னை மாற்று' என்று எஞ்சின் சொல்வது அப்படித்தான். துளை அடைத்திருந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. நாளாக ஆக அடுத்த சீலையும் அரித்துக்கொண்டு ஆயிலுக்குள் இறங்கிவிடும்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "பேஸ்ட் வச்சு அடைச்சு, மேல பெயின்ட் வேற. நீ கட்டும்போது அடைச்சிட்டியாம்மா?"

அவள் அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பெயின்ட் ஒரு பிசிறு இல்லாமல், ஓரம் கோடு போட்ட மாதிரி இருந்தது. அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வீட்டு ஜன்னல் கம்பிக்கும் அதே கைதான் அடிக்கும். ஆனாலும், "இருக்கலாம் மேஸ்திரி, ஞாபகம்…" என்று இழுத்தாள்.

அண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆறு வாரத்துக்கு முன் எஞ்சின் அடியில் அவன் வெள்ளையடித்து வைத்திருந்த தகட்டில் ஒரு சொட்டு. துடைத்தான். மறுநாளும் சொட்டு. அவனுடைய எஞ்சின் அறையில் சோறு போட்டுத் தின்னலாம் என்று அவன் மனைவியே கேலி செய்வாள். அப்படிப்பட்டவனுக்கு அந்தச் சொட்டு கண்ணில் விழுந்த தூசு மாதிரி உறுத்தியது. தங்கச்சி கட்டிய எஞ்சின் ஒழுகுகிறது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றும் இருந்தது. காய வைத்து, பேஸ்ட் அடைத்து, இரண்டு கை பெயின்ட் அடித்தான்.

"அவ இல்ல" என்றான். எழுந்து, நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தை மேஸ்திரி கையில் கொடுத்தான். குண்டு குண்டான அவன் எழுத்தில் தேதியோடு இருந்தது: "பம்ப் அடியில் சொட்டு. பேஸ்ட் வைத்தேன். பெயின்ட் இரண்டு கோட். சொட்டு நின்றது."

மேஸ்திரி இரண்டு முறை படித்தார். "சொட்டு நின்னுச்சா? நல்லா நின்னுச்சுப்பா. உள்ள போய் நின்னுச்சு."

"இத எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ண்ணா?" அவள் குரல் உடைந்தது. அன்று முதல் முறையாக. "ரெண்டு சீல். அரை மணி நேர வேலை."

"உன் பேர் கெடக்கூடாதுன்னுதான்…"

"என் பேரக் காப்பாத்தினது போதும். பன்னெண்டு வயசுல இருந்து காப்பாத்துற." சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கரி ஒட்டியது.

பயம் அதோடு தீரவில்லை. நேற்று ஓட்டிய பதினாறு நடையில் பேரிங் என்னவாயிற்றோ, ஓட்டினால்தான் தெரியும். அவள் சீல் இரண்டையும் மாற்றினாள். துளையில் கம்பி விட்டுக் குடைந்து திறந்தாள். உள்ளே கழுவ மலிவான ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, உறிஞ்சி எடுத்தாள். முதல் தடவை டீ. இரண்டாவது தடவை லேசான மங்கல். மூன்றாவதில் மங்கலே இல்லை. நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு ஸ்டார்ட் செய்தபோது மூன்று பேரின் கண்ணும் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளில்தான். முள் ஏறியது. பேரிங் தேய்ந்திருந்தால் சூடேறியதும் இறங்கிவிடும். எஞ்சின் சூடேறும்வரை, அரை மணி நேரம், அண்ணன் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றான். முள் இறங்கவில்லை.

மேஸ்திரி ஏணியில் ஒரு காலை வைத்து நின்றார். "பட்டறையில மூணாம் மேடையில ஒரு எஞ்சின் நிக்குது பார், அத நாளைக்குப் பிரிச்சிடு. அட்டைய மறக்காத."

"சரி மேஸ்திரி." அவள் மடித்திருந்த சட்டைக் கையில் ஒரு மடிப்பை இறக்கிவிட்டாள்.

அவர்கள் போனபின் அண்ணன் பலகையைக் கழற்றவில்லை. இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்ற வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நோட்டை எடுத்து, பழைய வரிக்கு நேர் கீழே எழுதினான்: "துளையைத் தொடக் கூடாது. சொட்டினால் அன்றே தங்கச்சிக்குச் சொல்ல வேண்டும்." பிறகு குனிந்து அந்தத் துளையைப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி குனிந்து பார்த்தான்.