கை தூக்கி நிற்கும் லோகேஸ்வரி

பிரிக்பீல்ட்ஸில் முப்பத்தோரு வருடம் பள்ளி வேன் ஓட்டியவர் லோகேஸ்வரி. அவருக்குக் குரல் கொஞ்சம் பெரியது என்று ஊரே சொல்லும். அவர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். "இருபது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மெதுவா பேசிப் பாருங்க, அப்ப தெரியும்" என்பார்.

முட்டிவலி வந்து வேனை விற்றபோது வயது அறுபது. அதன் பிறகு மூன்றாவது மாடி பிளாட்டில் பகலெல்லாம் டிவிதான். கணவர் திருச்செல்வம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். அதிலும் பாதி "ம்" என்றிருக்கும். பேச ஆளில்லாமல் லோகேஸ்வரி டிவியில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போட ஆரம்பித்திருந்தார்.

அப்படி இருந்த ஒரு காலையில் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஆன்டி, என்னைத் தெரியுதா?"

லோகேஸ்வரி ஏற இறங்கப் பார்த்தார். "ஷாமினி. பின் சீட்டு, ஜன்னல் ஓரம். தினமும் வாந்தி."

ஷாமினி சிரித்துவிட்டாள். அவளுக்கு இப்போது முப்பத்தாறு வயது. கிள்ளானில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, மனித உருவங்களை வெண்கலத்தில் செய்கிறாளாம். கண்காட்சி ஒன்று வருகிறது, அதில் வைக்க ஆன்டியை ஆளுயரச் சிலையாகச் செய்ய வேண்டுமாம்.

"சிலையா? நான் இன்னும் சாகலையேமா!"

"செத்தவங்களுக்குத்தான் சிலைன்னு யாரு ஆன்டி சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினார்.

திருச்செல்வம் நாளிதழைக் கீழே இறக்கினார். "நின்னாதானே சிலை? இவ எங்க ஒரு இடத்துல நிப்பா?"

அந்த ஒரு பேச்சுக்காகவே லோகேஸ்வரி சம்மதித்தார்.

பதினோரு நாள் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார். ஒரு கையைத் தூக்கி, வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் பாவனையில் நிற்க வேண்டும். கை வலித்தால் தாங்கிக்கொள்ள மேலேயிருந்து ஒரு துணி வளையத்தை ஷாமினி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கை நின்றது, வாய் நிற்கவில்லை. எந்தப் பிள்ளை டாக்டரானது, எது கடன் வாங்கிய தண்ணீர் பாட்டிலை இன்னும் திருப்பித் தரவில்லை என்று பதினோரு நாளும் பேசினார். மூடிய உதடுகளைக் களிமண்ணில் நான்கு முறை செய்து பார்த்துத் தோற்ற ஷாமினி, கடைசியில் வாய் திறந்தபடியே விட்டுவிட்டாள். அப்போதுதான் முகம் அச்சாக வந்தது.

களிமண் உருவத்தின் மேல் அச்செடுத்து, மெழுகில் வார்த்து, கப்பலைத் தள்ளும் விசிறிகளை வார்க்கும் ஒரு பட்டறையில் வெண்கலத்தை உருக்கி ஊற்றினார்கள். ஆறிய பின் அச்சை உடைத்து, தேய்த்து எடுத்ததும் லோகேஸ்வரியைப் பார்க்க அழைத்தார்கள். அவர் சிலையைச் சுற்றி வந்தார்.

"எத்தனை கிலோ?"

"நூத்தி எழுபது."

"அது என் எடை இல்லன்னு கீழ எழுதி வை." பிறகு முதுகில் தட்டிப் பார்த்தார். டங்கென்றது. "உள்ள ஒண்ணுமே இல்லையா?"

"காலி ஆன்டி. அப்படித்தான் வார்ப்பாங்க."

உடன் வந்திருந்த திருச்செல்வம், "அச்சு அசலா வந்திருக்கு" என்றார். அன்று வீடு திரும்பும்வரை மனைவியிடமிருந்து அவருக்கு எந்தப் பதிலும் கிடைக்கவில்லை. அவருக்கு அது நல்ல பயணம்.

கண்காட்சி பங்சாரில் ஒரு கலைக்கூடத்தில் நடந்தது. தீபாவளிப் புடவை கட்டிக்கொண்டு லோகேஸ்வரி போனார். வெள்ளைச் சுவர், ஏசி, எல்லோரும் கோயில் கருவறை முன் நிற்பதுபோல் கிசுகிசுத்தார்கள். நடுவில் அவர், வெண்கலத்தில், வாய் திறந்து, கை தூக்கி. தன் மூக்கின் நுனியில் ஏதோ தூசி தெரிந்ததால் விரலால் துடைக்கப் போனார். காவலர் ஓடிவந்தார்.

"மேடம், தொடக்கூடாது."

"என் மூக்கை நான் தொடக்கூடாதாலா?"

குரல் கலைக்கூடத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. அத்தனை பேரும் சிலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அன்று மாலை நாற்பது பேராவது அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். வேனை விற்றதிலிருந்து மூன்று வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் தளர்ந்ததுபோல் இருந்தது அவருக்கு.

பிரிக்பீல்ட்ஸில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றின் உரிமையாளர்கள் சிலையை வாங்கினார்கள். பொதுமக்கள் பார்க்கட்டும் என்று கட்டடத்துக்கு முன்னால், நடைபாதை ஓரத்தில், பீடம் இல்லாமல் தரையோடு தரையாக நிறுத்தினார்கள். லோகேஸ்வரியின் பிளாட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

தொல்லை மறுநாளே தொடங்கியது. காலை ஏழு மணி, சாரல் மழை, மங்கல் வெளிச்சம். விடாமல் ஹாரன் சத்தம் கேட்டு, அது எங்கே என்று பார்க்காமல் இருக்க முடியாத லோகேஸ்வரி, குடையோடு இறங்கிப் போனார். சிலைக்கு முன் வெங்காய மூட்டை ஏற்றிய லோரி ஒன்று நின்றது. பின்னால் தெருமுனைவரை கார்கள். லோரி ஓட்டுநர் ஜாகிர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அக்கா, போறீங்களா இல்லையா? கடையில ஆளு காத்துக்கிட்டு இருக்காங்கக்கா!"

சிலை அசையவில்லை.

லோகேஸ்வரி லோரியின் அருகே போய், "தம்பி, அவ போகமாட்டா. நீ போ" என்றார்.

ஜாகிர் குரல் வந்த பக்கம் திரும்பினார். அதே முகம். மறுபடி முன்னால் பார்த்தார். அங்கேயும் அதே முகம். "யா அல்லாஹ்!" என்று ஜன்னல் கண்ணாடியை மளமளவென்று ஏற்றிக்கொண்டார். கண்ணாடியைத் தட்டி விஷயத்தைப் புரியவைக்க லோகேஸ்வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. நெரிசல் கலைய இன்னும் அரைமணி நேரம்.

தினமும் இப்படியே நடந்தது. ஊருக்குப் புதியவர்கள் நின்றார்கள். பழகியவர்களும் பழக்கதோஷத்தில் பிரேக்கில் கால் வைத்தார்கள். இரண்டே வாரத்தில் புகார் குவிந்து, மாநகராட்சியின் சாலைப் பிரிவிலிருந்து பழனியப்பன் என்ற பொறியாளர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். சிலையைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார்.

ஷாமினி போனில் சொல்லி அழுதாள். லோகேஸ்வரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"சுவத்தப் பார்த்து நிக்கிறதுக்கு நான் என்னங்க தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார்.

திருச்செல்வம் வழக்கத்துக்கு மாறாக டிவியை அணைத்தார். "போய்க் கேளு" என்றார். "உனக்குக் கேக்கவா சொல்லித்தரணும்?"

மறுநாள் காலை பழனியப்பன் அளவெடுக்க வந்தபோது லோகேஸ்வரி சிலைக்குப் பக்கத்தில், அதேபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆன்டி, தயவுசெஞ்சு தள்ளுங்க."

"தள்றேன் பாஸ். முதல்ல ஒரு கணக்கு எடுங்க. அங்க மேல, 'பள்ளிப் பிள்ளைகள், மெதுவாகச் செல்லவும்'னு போர்டு இருக்கே, அதப் பார்த்து எத்தனை வண்டி மெதுவாப் போகுது? இங்க எத்தனை நிக்குது? எண்ணுங்க."

பழனியப்பன் நேரமில்லை என்றார். ஆனாலும் எண்களைக் கண்டால் விட முடியாதவர். அரைமணி நேரம் அங்கே, அரைமணி நேரம் இங்கே எண்ணினார். பலகைக்கு வேகம் குறைத்தவை ஆறு. சிலைக்கு நின்றவை ஐம்பத்திரண்டு. அந்த அரைமணியில் பதினான்கு பிள்ளைகள் புத்தகப்பையோடு சிலையின் கைக்குக் கீழே சாவகாசமாகச் சாலையைக் கடந்ததையும் அவரே பார்த்தார். அதில் ஒரு குட்டிப் பெண் சிலையிடம், "தெரிமா காசே ஆன்டி" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

"எப்படியும் நிக்கிறாங்க" என்றார் லோகேஸ்வரி. "நிக்கிற இடத்துல ஒரு ஸீப்ரா கோடு போட்டா போச்சு. அவளும் வேலை செஞ்ச மாதிரி ஆச்சு."

பழனியப்பன் தன் நோட்டைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு யாருக்கோ போன் செய்தார்.

ஆறு வாரம் கழித்து வெள்ளைக் கோடுகள் வந்தன. சிக்னல் விளக்கும் வந்தது. சிவப்பு எரியாத நேரத்தில் வண்டிகள் குழம்பாமல் இருக்க, சிலையை மூன்றடி பின்னால் தள்ளி வைத்தார்கள். முகம் சாலையைப் பார்த்தபடியே இருந்தது. லோகேஸ்வரி தினமும் காலை அங்கே போய் நின்றுகொண்டார். தேவையே இல்லை. "துணைக்கு" என்றார். சிலைக்குத் துணையா, தனக்கா என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் ஷாமினிக்கு இன்னொரு வேலை வந்தது. சுபாங் ஜெயாவில் ஒரு பூங்காவுக்கு, பெஞ்சில் உட்கார்ந்து தூங்கும் மனிதர் சிலை வேண்டுமாம். அவள் நேராகத் திருச்செல்வத்திடம் வந்தாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிள்ளானில் பெஞ்சில் உட்காரவைத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை வந்தது. ஷாமினி களிமண்ணை எடுத்தாள். சாப்பாட்டுக் கூடையோடு உடன் போயிருந்த லோகேஸ்வரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தொப்பையைக் குறைக்காதேமா" என்றார், அதிசயமாகத் தணிந்த குரலில். "அப்புறம் யாருக்கும் இவரை அடையாளம் தெரியாது."