விசா வேண்டாத ஊருக்கு

பாரதி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது சீனிவாசனிடமிருந்து போன் வந்தது. அவர் ராணிப்பேட்டைக்காரர். கென்யாவில், நைரோபிக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் அவளுடைய கணவன் பிரேம்நாத்தோடு வேலை செய்பவர்.

"பதறாதம்மா. பிரேமுக்கு கை மிஷின்ல மாட்டிக்கிச்சு. வலது கை. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். ஆனா புண்ணுல சீழ் வெச்சிருக்கு, சர்க்கரை வேற ஜாஸ்தி. நீ வந்தா தேவலை."

பாரதி டப்பாவை மூடினாள். என்ன கேட்டாள், என்ன சொன்னாள் என்பது பிறகு அவளுக்கு நினைவில்லை. கோடையில் அவனிடம் போய்ச் சில நாள் இருந்துவரலாம் என்று பாஸ்போர்ட் எடுத்து, அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டு வைத்திருந்தாள். அந்தமட்டில் நல்லதாயிற்று என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பஜாரில் டிராவல்ஸ் வைத்திருந்த ராமலிங்கம் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே சொன்னார். "கென்யாவுக்கு விசா வேணாம்மா. எடுத்துட்டாங்க. டிக்கெட் போட்டா போதும்."

அதை நம்பி மைத்துனன் வேலுவின் காரில் சென்னை விமான நிலையத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அனுமதிக் கடிதம் காட்டுங்க மேடம்" என்றாள்.

"விசா வேணாம்னு சொன்னாங்களே."

"விசா வேணாம்தான். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல பயண அனுமதி வாங்கணும். இ.டி.ஏ.னு சொல்லுவாங்க. அது இல்லாம உங்கள ஏத்த முடியாது."

"என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருக்காரு."

அந்தப் பெண் எழுந்து தன் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே பாரதிக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் நின்ற குடும்பம் தள்ளுவண்டியோடு முன்னால் வந்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

திரும்பும் வழியில் வேலு ஓயாமல் ராமலிங்கத்தைத் திட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது சீனிவாசனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ராணிப்பேட்டையில் அடித்தாள். சத்துவாச்சாரி மேம்பாலத்தில் அடித்தாள். மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் பெட்டியோடு இறங்கிய மருமகளைப் பார்த்ததும் மாமியார் செண்பகம் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள். "இன்னாடி திரும்பி வந்துட்ட? போய்ட்டானா என் புள்ள?"

"இல்லத்த. அவரு நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான் பேப்பர் இல்ல."

செண்பகம் நம்பவில்லை. மறைக்கிறாள் என்றே நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நல்லாத்தான் இருக்காரு என்று சொல்லிவிட்டாளே தவிர, அது உண்மையா என்று பாரதிக்கே தெரியாது. கடைசியில் சீனிவாசன் எடுத்து, போனைப் பிரேம்நாத்தின் காதருகே வைத்து அவனை "அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்த பிறகுதான் அந்த வீட்டில் மூச்சு வந்தது.

சாயங்காலம் கம்பெனித் தோழி ஷஹீன் பானு வந்தாள். அவளுடைய அண்ணன் தோல் வியாபாரமாக வெளிநாடு போய்வருகிறவர். பாரதி போனில் திறந்து வைத்திருந்த தளத்தைப் பார்த்துவிட்டு, "இது ஏதோ ஏஜென்ட்டு நடத்துறது. அந்த ஊரு கவர்மென்ட்டோடது வேற" என்று சரியானதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். விண்ணப்பத்துக்காக அவளைச் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். சீனிவாசனிடமிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை வரவழைத்து இருவருமாக விண்ணப்பத்தை அனுப்பினார்கள்.

அனுப்பிய பிறகுதான் பாரதி பாஸ்போர்ட்டை மறுபடி பார்த்தாள். அதில் "பாரதி பிரேம்நாத்" என்று முழுப்பெயரும் ஒரே வரியில் இருந்தது. குடும்பப் பெயருக்கான இடம் காலி. விண்ணப்பத்திலோ பிரேம்நாத்தைப் பிரித்துக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தார்கள்.

"இதுக்காக வேணாம்னுடுவாங்களா பானு?"

"தெரில. பேஜார் பண்ணாம இருந்தா சரி."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பதில் இல்லை. சோறு இறங்கவில்லை. போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே பயந்தாள். திங்கள் காலை வந்த மின்னஞ்சல் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திருத்தி அனுப்பச் சொன்னது. திருத்தும்போது எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது. ஷஹீன் பானு போனை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள்.

மதியம் சீனிவாசன் கூப்பிட்டார். "கெட்டுப்போன மூணு விரலை எடுக்கணும்கிறாங்க. விட்டா மேல ஏறிடுமாம். இவன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறான். நீ வந்த பிறகுதான் போடுவானாம்."

"போனை அவர்கிட்ட குடுங்க அண்ணா."

போன் கைமாறியது. பாரதி பேசினாள். "நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரிலங்க. அனுமதி வருமான்னும் தெரில. எனக்காக நிக்காதீங்க. போட்டுடுங்க."

"விரல் போனா வேல போய்டும் பாரதி."

"போவட்டும். நீங்க இருந்தா போதும்."

பிறகு, "பேனாவை இடது கையில குடு சீனு" என்று அவன் சொல்வது கேட்டது. பாரதி சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அனுமதி வந்தது. ராமலிங்கம் தானே வீட்டுக்கு வந்து அதை அச்செடுத்துக் கொடுத்தார். "அரைகுறையா சொல்லிட்டேம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். புது டிக்கெட்டும் அவரே போட்டுத் தந்தார்.

நைரோபியில் இறங்கி, அதிகாரி அந்தத் தாளைப் பார்த்து முத்திரை குத்தும்வரை அவள் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே நின்ற சீனிவாசன் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரேம்நாத் இளைத்திருந்தான். வலது கையில் பெரிய கட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வெளியே தெரிந்தன.

"ரெண்டு மிச்சம்" என்றான்.

அவளுக்கு அந்தக் கட்டைத் தொடப் பயமாக இருந்தது. தொட்டால் வலிக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றான், அதுவரை யாரும் தொட்டதில்லையாம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிஞ்சிய இரண்டு விரலையும் மெல்லப் பிடித்துக்கொண்டாள்.